மாமாவுக்கு இஇசிபி எடுக்கலாமா? கார்த்திகையில மலை ஏறணும்ங்கிறாவ

பிரானூர்_மருமகன் (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டைப் பக்கத்துல இருந்து எழுதுதேன். மாமாவுக்கு, அதாவது எங்க வீட்டுக்காரியோட அப்பாவுக்கு, வயசு 63. சுகர் உண்டு. போன வருசம் அட்டாக் வந்து பெரிய குழாய்ல ஒரு ஸ்டென்ட் வச்சாச்சு. மத்த ரெண்டு குழாய்லயும் நுனி வரைக்கும் சின்னச் சின்னதா அடைப்பு. அதுல ஸ்டென்டும் வைக்க முடியாது, பைபாஸ் தைக்கவும் இடம் இல்ல, மாத்திரையிலதான் ஓட்டணும்னு சொல்லிட்டாங்க. திருவனந்தபுரத்துல போய் இன்னொரு டாக்டர்ட்ட காட்டினோம், அவரும் அதையேதான் சொன்னார். இதயத்தோட பம்பிங் 50 சதவீதம்.

சமமான ரோட்டுல நடந்தா ஒண்ணும் இல்ல. மாடிப்படி ஏறினாலோ, சாப்பிட்ட கையோட நடந்தாலோ நெஞ்சு இறுக்குது. நின்னா ரெண்டு நிமிசத்துல விட்டுடுது. மத்தபடி ஆளு வாசல் திண்ணையை விட்டு எழுந்திரிக்கிறதே இல்ல.

இப்ப எல்லை தாண்டி கொல்லம் ரோட்டுல ஒரு கிளினிக்கோட நோட்டீஸை யாரோ கொண்டுவந்து குடுத்திருக்காங்க. "ஆபரேஷன் இல்லாத இயற்கை பைபாஸ்"னு போட்டிருக்கு. இஇசிபி மெஷின் (கால்ல பட்டை கட்டி ரத்தத்தை மேல தள்ளுறதாம்) 35 சிட்டிங், அதோட குழாய்ல படிஞ்ச கால்சியத்தைக் கரைக்கிற டிரிப், எல்லாம் ஒரே பேக்கேஜ். லட்சத்தை ஒட்டிக் கேக்காங்க. கிளினிக் பேரு இங்க வேண்டாம்.

இன்னொண்ணு. மாமா சபரிமலைக்கு ஆட்களைக் கூட்டிட்டுப் போற குருசாமி. போன கார்த்திகை ஆஸ்பத்திரி, வீடுன்னே போயிட்டு. இந்தத் தடவை மாலை போட்டே தீருவேன்னு நிக்காவ. அத்தை அழுதுக்கிட்டு இருக்காவ. மெஷினைப் போட்டா மலை ஏறிடலாம்னு கிளினிக்ல சொன்னதாக் கேள்வி. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாரல்_காத்து

எங்க சித்தப்பா எடுத்தாவ. இப்ப ஜம்முனு இருக்காவ. யோசிக்காம எடுங்க அண்ணாச்சி.

எதிர்க்கேள்வி

சித்தப்பா அந்த ரெண்டு மாசத்துல மாத்திரையும் ஒழுங்காத் தின்னிருப்பார், பீடியையும் விட்டிருப்பார், தினம் கிளினிக்குக்கு நடந்தும் போயிருப்பார். எதுனால ஜம்முனு ஆனார்னு எப்படிப் பிரிச்சீங்க? இங்கிலாந்துல அரசு மருத்துவத்துக்கு வழிமுறை போடுற நைஸ் அமைப்பு 2011-லயே நிலையான ஆஞ்சைனாவுக்கு, அதாவது உழைக்கும்போது வர்ற நெஞ்சு இறுக்கத்துக்கு, இஇசிபி குடுக்காதேன்னு எழுதிவச்சிட்டது. லட்ச ரூபாயை பேங்க்ல போடும்.

நடைபிசியோ

ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூலையில நிக்கிறீங்க. நான் நாகர்கோவில்காரி, திருவனந்தபுரத்துல இதய மறுவாழ்வுப் பிரிவுல பிசியோவா வேலை. பெரிய பதிவா இருக்கும், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல மெஷின் என்ன செய்யுதுன்னு சொல்லிடுறேன். கெண்டைக்கால், தொடையோட கீழ்ப்பகுதி, மேல்தொடையும் புட்டமும், இந்த மூணு இடத்துலயும் பிரஷர் பார்க்கிற பட்டை மாதிரிப் பெரிய பட்டை கட்டுவாங்க. நெஞ்சுல இசிஜி ஒயர் இருக்கும். இதயம் சுருங்கி முடிச்சு விரியுற நேரத்துல பட்டைகள் கீழ இருந்து மேல வரிசையா உப்பும். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது விரியுற நேரத்துலதான் போகும். அந்த நேரம் பார்த்து காலில் இருக்கிற ரத்தத்தை மேல தள்ளி விடுறது ஒரு வேலை. அடுத்த துடிப்புக்கு முன்னாடி எல்லாப் பட்டையும் ஒண்ணாத் தளர்ந்துடும், அதனால இதயம் தள்ள வேண்டிய எதிர்ப்பும் குறையும். ஒரு மணி நேரம் ஒரு சிட்டிங். வாரம் 5 நாள், 7 வாரம். அதுதான் அந்த 35.

இது வேலை செய்யுதான்னு பார்த்த முக்கியமான ஆய்வு 1999-ல வந்தது, 139 பேர். பாதிப் பேருக்கு 300 மி.மீ. அழுத்தம், மீதிப் பேருக்கு 75 மட்டும், அதாவது சும்மா பேருக்கு. சரியான அழுத்தம் வாங்கினவங்களுக்கு வலி வர்ற தடவை குறைஞ்சது, டிரெட்மில்லில் இசிஜி மாறுறதுக்கு எடுக்கிற நேரம் தள்ளிப்போனது. ஆனா மொத்தமா எவ்வளவு நேரம் நடந்தாங்கங்கிறதுல ரெண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆயுசைக் கூட்டும், அடுத்த அட்டாக்கைத் தடுக்கும்னு காட்டின ஆய்வு கிடையாது. அடைப்பு கரையுதுன்னும் கிடையாது. "இயற்கை பைபாஸ்"னு நோட்டீஸ் போடுறது வியாபாரம்.

அதுக்காக எதிர்க்கேள்வி அண்ணன் சொல்ற மாதிரி முழுசா ஒதுக்கவும் வேண்டாம். ஐரோப்பிய இதயச் சங்கத்தோட 2019 வழிகாட்டி, ஸ்டென்டும் வைக்க முடியாம, பைபாஸும் செய்ய முடியாம, மாத்திரையெல்லாம் முழு அளவுக்குக் குடுத்தும் வலி நிக்காதவங்களுக்கு "யோசிச்சுப் பார்க்கலாம்"னு கடைசி வரிசையில ஒரு இடம் குடுத்தது. மாமா அந்த வரிசைக்கு வந்துட்டாரா? மாத்திரை உச்சத்துக்குப் போயிட்டதா? அதை நீங்க எழுதவே இல்லையே.

போட்டே கூடாத ஆட்களும் உண்டு. மகாதமனி (இதயத்துல இருந்து கிளம்புற பெரிய குழாய்) வால்வு நல்லா ஒழுகுறவங்க, வயித்துல தமனி வீங்கி இருக்கிறவங்க, காலில் ரத்தக்கட்டி இருக்கிறவங்க, கால் தமனியில மோசமான அடைப்பு இருக்கிறவங்க, துடிப்பு தாறுமாறா ஓடுறவங்க, பிரஷர் கட்டுக்குள்ள இல்லாதவங்க. எக்கோவும் (இதய ஸ்கேன்) காலுக்கு டாப்ளரும் (ரத்த ஓட்ட ஸ்கேன்) பார்க்காம பட்டை கட்டுற இடமா இருந்தா வாசல்லயே திரும்பிடுங்க.

பிரானூர்_மருமகன்

ரொம்ப நன்றி அக்கா. மாத்திரை: ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் 40, மெட்டோப்ரோலால் 25, சுகருக்கு ரெண்டு. நெஞ்சு இறுக்கினா நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் குடுத்திருக்கு, மாமா அதைத் தொடுறதே இல்ல. "தலை கனக்கு"ங்கிறாவ.

நடைபிசியோ

அப்ப வலிக்குன்னு குடுக்கிறதுல மெட்டோப்ரோலால் 25 மட்டும்தான் ஓடுது. கூட்டவும், வேற வகை சேர்க்கவும் டாக்டருக்கு இன்னும் நிறைய வழி இருக்கு. அது எதுவும் செய்யாம மெஷினுக்குப் போறதுல எனக்கு உடன்பாடு இல்ல. இந்தச் சீட்டை அப்படியே எடுத்துக்கிட்டு, "ஏத்தத்துல இன்னும் இறுக்குது"ங்கிற ஒரே வாக்கியத்தோட இதய டாக்டர்கிட்ட போங்க. மாமா அவர்கிட்ட "நல்லா இருக்கேன்"னு சொல்லியிருப்பார். எல்லா மாமாவும் அப்படித்தான் சொல்லுவாங்க.

புனலூர்_மருந்துக்கடை

டிரிப்பைப் பத்தி நான் சொல்லுறேன். அது கீலேஷன். இடிடிஏங்கிற மருந்து. ஈயம் போல உலோகம் உடம்புல ஏறினவங்களுக்கு அதை வெளியே இழுக்கிறதுக்கு உண்டானது. குழாய்ல இருக்கிற கால்சியத்தை உருவிடும்ங்கிறது பழைய கற்பனை. 2013-ல வந்த அமெரிக்க ஆய்வுல, அதுவும் சுகர் உள்ளவங்களுக்கு, கொஞ்சம் பலன் தெரிஞ்ச மாதிரி இருந்தது. அதைக் காட்டித்தான் இத்தனை நாளும் வித்தாங்க. சுகரும் பழைய அட்டாக்கும் உள்ள ஆயிரம் பேரை மட்டும் வச்சு அதைத் திரும்பவும் செஞ்சாங்க, 2024-ல முடிவு வந்தது. ரத்தத்துல ஈயம் நல்லா இறங்கினது, அட்டாக்கும் சாவும் இறங்கல. உங்க மாமா மாதிரி ஆட்களை வச்சேதான் அந்த ஆய்வு. அதோட கதை முடிஞ்சது.

இடிடிஏவோட தப்பான வகையை வேகமா ஏத்தினா ரத்தத்துல கால்சியம் சட்டுனு விழுந்து உயிரே போயிருக்கு. கிட்னிக்கும் பாரம். டிரிப்புக்கு ஒரு ரூபா குடுக்க வேண்டாம்.

சார்பிட்ரேட் பத்தியும் ஒண்ணு. தலை கனக்கிறது மருந்து வேலை செய்யுறதோட அடையாளம், பயப்பட வேண்டாம். நின்னுக்கிட்டு வைக்கக்கூடாது, பிரஷர் இறங்கித் தலை சுத்தும். உக்காந்து வைக்கணும். அஞ்சு நிமிசத்துல இறுக்கம் விடலன்னா 108. அப்புறம், கடையில கவுண்டர் மேல குனிஞ்சு மெதுவா ஒரு மாத்திரை பேரு சொல்லுவாங்க பாருங்க, அந்தச் சமாச்சாரத்துக்கு உள்ளது, அதைத் தின்ன நாள்ல சார்பிட்ரேட் வைக்கவே கூடாது. சில்டெனாபில்னா 24 மணி நேரம், டடாலபில்னா 48 மணி நேரம் இடைவெளி வேணும். வெக்கப்பட்டுச் சொல்லாம விட்டு ஆளு மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கேன்.

கடையநல்லூர்_பாய்

நான் இஇசிபி எடுத்தவன். பைபாஸ் முடிஞ்சு பல வருசம் கழிச்சு வச்ச குழாய்களும் அடைச்சுப் போச்சு. மறுபடி வெட்ட முடியாதுன்னாங்க. மாத்திரை எல்லாம் உச்சத்துல இருந்தும் தொழப் போய்ட்டு வர்றதுக்குள்ள நெஞ்சைப் பிடிச்சுக்குவேன்.

அனுபவம்னா, குதிரை மேல உக்காந்த மாதிரி உடம்பு ஒரு மணி நேரம் தூக்கித் தூக்கிப் போடும். முதல் வாரம் தொடையெல்லாம் செவந்து கன்னிப்போச்சு. இறுக்கமான கால்சட்டை ஒண்ணு உள்ளே போடச் சொன்னாங்க, மடிப்பு இல்லாம இழுத்துவிட்டப்புறம் சரியாச்சு. படுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடணும், இல்லன்னா பாதியில இறங்கணும். மூணாவது நாலாவது வாரத்துல மாற்றம் தெரிஞ்சது. பள்ளிவாசல் வரைக்கும் நிக்காம நடந்தேன். ஒரு வருசத்துக்கு மேல அந்தப் பலன் இருந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வலி திரும்பி வந்தது. மாத்திரை ஒண்ணைக்கூட நிறுத்தல.

எனக்குக் காசு வீண்னு தோணல. ஆனா அந்தம்மா சொல்றதுதான் நியாயம். எனக்கு வேற கதவு இல்லாம இருந்தது, உங்க மாமாவுக்கு இன்னும் இருக்கு.

எதிர்க்கேள்வி

பாய், உங்க பதிவு நேர்மையா இருக்கு. ஒத்துக்கிடுதேன்.

கத்திக்குப்_பயம்

நானும் இதே யோசனையிலதான் இருக்கேன். வயசு 57, சுகர், மூணு குழாயிலும் அடைப்பு. பைபாஸ் பண்ணச் சொல்லி ரெண்டு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஆனா ஸ்டென்டும் பைபாஸும் மாத்திரையை விட ஒண்ணும் பெரிசா கிழிக்கலன்னு பெரிய அமெரிக்க ஆய்வே வந்திருக்காமே? அப்ப நான் இஇசிபி, மாத்திரை, நடைன்னு இருந்துட்டா என்ன?

எதிர்க்கேள்வி

2007-ல கரேஜ், 2020-ல இஸ்கீமியான்னு ரெண்டு ஆய்வு. ரெண்டாவதுல 5,179 பேர். நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகளும் அதுல உண்டு. நிலையா இருக்கிற நோயாளிக்கு அவசரமா ஸ்டென்ட், பைபாஸ்னு ஓடுறதுனால சாவு குறையலன்னுதான் வந்தது. ஆக உங்க யோசனை சரிதான்.

நடைபிசியோ

இல்ல, இதை இப்படியே விட்டுட்டுப் போக முடியாது. இஸ்கீமியா ஆய்வுல இடது முதன்மைக் குழாய்ல 50 சதவீதத்துக்கு மேல அடைப்பு உள்ளவங்களைச் சேர்க்கல. பம்பிங் 35-க்குக் கீழ உள்ளவங்களைச் சேர்க்கல. தாங்க முடியாத வலி உள்ளவங்களையும் சேர்க்கல. வலி குறையுறதுல, அன்றாட வாழ்க்கை நல்லா இருக்கிறதுல, ஸ்டென்டோ பைபாஸோ செஞ்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க. அந்த வரியை யாரும் வாட்சப்புல போடுறதில்ல.

கத்திக்குப் பயம் சார், உங்களுக்குச் சுகரும் மூணு குழாய் அடைப்பும். இந்தச் சேர்மானம் தனி ரகம். சுகர் உள்ளவங்களை மட்டும் வச்சு 2009-ல பாரி 2டின்னு ஒரு ஆய்வு வந்தது, 2,368 பேர். அதுல பைபாஸுக்கு ஏத்தவங்கன்னு டாக்டர்கள் பிரிச்ச கூட்டத்துல, 5 வருசத்துல சாவு, அட்டாக், பக்கவாதம் மூணையும் சேர்த்துப் பார்த்தா, உடனே பைபாஸ் செஞ்சவங்கள்ல 22.4 சதவீதம், மாத்திரையோட நின்னவங்கள்ல 30.5 சதவீதம். 2012-ல ஃப்ரீடம் ஆய்வு 1,900 பேரை வச்சு ஸ்டென்டையும் பைபாஸையும் நேருக்கு நேர் நிறுத்தினது, அதுலயும் பைபாஸ்தான் முன்னாடி. இஇசிபியைப் பைபாஸுக்குப் பதிலா வச்சுப் பார்த்து இது போதும்னு சொன்ன ஆய்வு எதுவும் இல்ல. ஆபரேஷனைத் தள்ளிப்போட இது ஒரு சாக்கு ஆயிடக்கூடாது.

பயம் இருக்கத்தான் செய்யும். அதைச் சர்ஜன்கிட்டயே நேர்ல சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே மூச்சுப்பயிற்சி, நடை ஆரம்பிச்சா அப்புறம் எழுந்து நடக்கிறது சுலபம். அதுக்கு எங்களை மாதிரி ஆட்கள் இருக்கோம்.

கத்திக்குப்_பயம்

நீங்க சொன்னதை ரெண்டு மூணு தடவை படிச்சேன். சர்ஜனைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கேன். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

குளத்துப்புழை_வீடு

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ரப்பர் தோட்டத்துல இருக்கோம். சிலோன்ல இருந்து வந்த குடும்பம். எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வச்சு மாசம் ரெண்டு ஆகுது. அவர் வேலை பால் வெட்டு. விடியறதுக்கு முன்னாடி போகணும், சரிவுல ஏறி எறங்கி முந்நூறு மரத்துக்கு மேல வெட்டணும், அப்புறம் பால் வாளியைத் தூக்கிக்கிட்டு ஷெட்டுக்கு வரணும். டாக்டர் "ஹெவி வேலை வேண்டாம்"னு மட்டும் எழுதிட்டார். வேலைக்குப் போகலன்னா கூலி இல்லை. எப்பப் போகலாம், எப்படிப் போகலாம்னு சொல்ல ஆள் இல்லை. இங்க எல்லாரும் மெஷினைப் பத்திப் பேசுறீங்க, அதான் கேக்குறேன்.

நடைபிசியோ

அக்கா, நீங்க கேட்டதுதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி. "ஹெவி வேலை வேண்டாம்"னு ஒரு வரி எழுதி அனுப்புறது பாதி வைத்தியம்தான். மீதிப் பாதிக்குப் பேருதான் இதய மறுவாழ்வு. 85 ஆய்வுகள், 23,000 பேருக்கு மேல, எல்லாத்தையும் ஒண்ணா வச்சு 2023-ல ஒரு தொகுப்பு வந்தது. பயிற்சியோட கூடின மறுவாழ்வுக்குப் போனவங்களுக்கு இதயத்தால வர்ற சாவு 26 சதவீதம் குறைவு, மறுபடி அட்டாக் 18 சதவீதம் குறைவு. இவ்வளவு பலன் ஒரு மாத்திரையில இருந்திருந்தா பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா விளம்பரம் ஒட்டியிருப்பாங்க. ஒட்ட ஆளில்ல, ஏன்னா விக்கிறதுக்கு இதுல சாமான் இல்ல. வாரம் மூணு தடவை பஸ் ஏறி வந்து பயிற்சி எடுக்க கூலிக்காரர்னால முடியாதுங்கிறதும் உண்மை. ஆனா வீட்டுலயே செய்யுற பயிற்சியும் ஆஸ்பத்திரிக்கு வந்து செய்யுறதும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான்னு ஆய்வுகள்ல வந்திருக்கு, நடுநடுவுல ஒருத்தர் போன்ல விசாரிச்சுக்கிட்டே இருந்தாப் போதும்.

உங்க வீட்டுக்காரருக்கு முதல்ல ஒரு டிரெட்மில் டெஸ்ட் வேணும். அதோட முடிவை வச்சுத்தான் வேலை. அதுல வலியோ இசிஜி மாற்றமோ இல்லாம இருந்தா டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க: முதல் மாசம் சமமான பக்கத்து வரிசை மட்டும், மரமும் பாதி. சரிவு அப்புறம். வாளியை முழுசா நிரப்பக்கூடாது, பாதிப் பாதியா ரெண்டு நடையாக் கொண்டுவரணும். தூக்கும்போது மூச்சை அடக்கித் தம் கட்டக்கூடாது, தூக்குற நேரத்துல வாயால மூச்சை விடணும். தம் கட்டினா பிரஷர் குபீர்னு ஏறும். விடியக்காலம் வீட்டுல இருந்து இறங்கின உடனே ஏத்தம் ஏறக்கூடாது. பத்து நிமிசம் மெதுவா நடந்து உடம்பு சூடானப்புறம்தான். மழைக்காலத்துக் குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், அதனால பனியனுக்கு மேல ஒரு சட்டை. வெறும் வயித்துல போறது, வயிறு முட்டத் தின்னுட்டுப் போறது ரெண்டும் வேண்டாம்.

மேஸ்திரிகிட்ட காட்டுறதுக்கு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. "இத்தனை கிலோ, இத்தனை மணி நேரம்"னு இருக்கணும். "ஹெவி வேண்டாம்"னு எழுதினா தோட்டத்துல அதை வேலையை விட்டு நிறுத்தத்தான் பயன்படுத்துவாங்க.

குளத்துப்புழை_வீடு

நன்றி தங்கச்சி. கிலோ போட்டு எழுதித் தரச் சொல்லிக் கேக்குறேன். இது எங்களுக்குத் தோணவே இல்லை.

ஆய்க்குடி_வைத்தியர்_பேரன்

மருதம்பட்டைக் கசாயத்தை ஒருத்தரும் சொல்லலையே. தாமிரபரணிக் கரையில ஓசியில கிடைக்கிற மருந்து. எங்க தாத்தா இதய நோவுக்கு அதைத்தான் குடுத்தாவ. அதோட செங்கோட்டையில இருந்துக்கிட்டு பார்டர் பரோட்டாவும் கோழியும் தின்னுட்டு மெஷின்ல படுத்தா என்ன ஆகும்?

புனலூர்_மருந்துக்கடை

பரோட்டா விசயத்துல உங்க கட்சி. மருதம்பட்டைக்குச் சின்னச் சின்ன ஆய்வு இருக்கு, வலி கொஞ்சம் குறையுதுன்னு. பெரிய ஆய்வு இல்ல. குடிக்கிறவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடிங்க, முக்கியமா ரத்தம் உறையாம இருக்க மருந்து திங்கிறவங்க. ஆனா கசாயத்தை நம்பி ஸ்டென்ட் வச்ச வருசத்துல குளோபிடோக்ரலை நிறுத்தினா ஸ்டென்டுக்குள்ளயே ரத்தம் கட்டும். அப்புறம் தாத்தாவே வந்தாலும் காப்பாத்த முடியாது.

சாரல்_காத்து

யோகா?

நடைபிசியோ

நம்ம நாட்டுலயே 24 ஆஸ்பத்திரியில, 3,959 அட்டாக் நோயாளிகளை வச்சுச் செஞ்சாங்க. யோகா-கேர்னு பேரு, 2020-ல வந்தது. 12 வாரத்துல 13 வகுப்பு, மீதி வீட்டுல. சாவும் அட்டாக்கும் கணிசமாக் குறைஞ்சதுன்னு நிரூபணம் ஆகல. ஆனா "உடம்பு நல்லா இருக்கு"ன்னு சொன்னவங்களும், பழைய வேலைவெட்டிக்குத் திரும்பினவங்களும் யோகா செஞ்ச பக்கம் அதிகம். நடக்கவே தெம்பு இல்லாதவங்களுக்கு நல்ல தொடக்கம். தலைகீழா நிக்கிறதும் மூச்சை அடக்குறதும் வேண்டாம்.

பிரானூர்_மருமகன்

மலை விசயத்தை யாரும் தொடவே இல்லையே. மாமா என் தோளுக்குப் பின்னாடி நின்னு படிச்சிக்கிட்டு இருக்காவ.

நடைபிசியோ

மாமாவுக்கு வணக்கம். நேரா உங்ககிட்டயே சொல்லுறேன் மாமா.

பம்பையில இருந்து நீலிமலை வழி செங்குத்து. சமதரையில மெதுவா நடக்கிறதை விட ரெண்டு மடங்குக்கு மேல இதயத்துக்கு வேலை. நாங்க மெட்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம். சும்மா உக்காந்திருந்தா 1, சமதரையில மெதுவா நடந்தா 3, செங்குத்து ஏத்தம் 6, 7-ஐத் தாண்டும். டிரெட்மில் டெஸ்ட்ல மூணு நிமிசத்துக்கு ஒரு கட்டம் மாறும். முதல் கட்டம் கிட்டத்தட்ட 4.6 மெட். ரெண்டாவது கட்டத்தை முடிச்சா 7. மூணாவதை முடிச்சா 10. நெஞ்சு இறுக்காம, இசிஜி மாறாம ரெண்டாவது கட்டத்தை முழுசாத் தாண்டாதவர் நீலிமலைப் பக்கம் போகவே கூடாதுங்கிறது என் கணக்கு. தாண்டினாலும் டெஸ்ட்ல சில நிமிசம்தான் நடக்கிறோம், மலை மணிக்கணக்கு. அதனால மிச்சம் கையில இருக்கணும்.

இன்னும் கார்த்திகைக்கு நாள் இருக்கு. டாக்டர் மாத்திரையைச் சரி பண்ணி, டெஸ்ட் பார்த்து, நடக்கலாம்னு சொன்னப்புறம் இப்படி ஆரம்பிங்க. செங்கோட்டை ஸ்டேஷன் பிளாட்பாரம் நல்ல இடம். சமதரை, சாரல் அடிச்சாலும் கூரை உண்டு, உக்கார பெஞ்சு உண்டு. முதல்ல பத்து நிமிசம், காலையும் சாயங்காலமும். வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிசம் கூட்டுங்க. அரை மணி நேரம் தொடர்ந்து நடக்க வந்தப்புறம்தான் ஏத்தம், அதுவும் குண்டாறு அணை ரோட்டுல ஒரு சின்ன ஏத்தம் போதும். மெட்டோப்ரோலால் திங்கிறவங்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவா ஏறாது, அதனால நாடியை எண்ணி வேகம் வைக்க முடியாது. பேச்சை வச்சுத்தான் கணக்கு. "சாமியே சரணம் ஐயப்பா"ன்னு ஒரே மூச்சுல விளிக்க முடியுதா, வேகம் சரி. சரணம் பாதியில அறுந்தா வேகத்தைக் குறைங்க. நெஞ்சு இறுக்கினா நின்னுடுங்க, கௌரவம் பார்க்க வேண்டாம்.

அரசாங்கம் மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதைன்னு 2023-ல தொடங்கினதைப் பார்த்துட்டு முதல் நாளே 8 கிலோமீட்டருக்கு இறங்கிடாதீங்க.

மலைக்குப் போறதா இருந்தா நீலிமலை வேண்டாம், சுவாமி ஐயப்பன் ரோடு வழி. ஏத்தம் கம்மி. கூட்டம் நெருக்குற நாள் வேண்டாம், மகரவிளக்கு நேரம் வேண்டவே வேண்டாம். கேரள சுகாதாரத் துறை நீலிமலையிலயும் அப்பாச்சிமேட்டுலயும் இதய சிகிச்சை மையம் வச்சிருக்கு, வழியில ஆக்சிஜன் குடுக்கிற இடங்களும் உண்டு. எத்தனை பேர் ஏத்தத்துல விழுந்தப்புறம் அதெல்லாம் வந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. சுகர் காரருக்கு வெறுங்காலும் ஒரு பிரச்சினை. தினம் ராத்திரி உள்ளங்காலை டார்ச் அடிச்சுப் பார்க்கணும். விரதத்துல ஒருவேளைச் சாப்பாடுன்னா சுகர் மாத்திரை அளவை டாக்டர்தான் மாத்தணும்.

எதிர்க்கேள்வி

டோலியில போனா ஐயப்பன் கோவிச்சுக்கிடுவாரா?

பிரானூர்_மருமகன்

மாமா சொல்லச் சொன்னாவ: "டோலியில போற குருசாமி எங்க வம்சத்துலயே கிடையாது."

கடையநல்லூர்_பாய்

மாமாகிட்ட சொல்லுங்க, தள்ளுவண்டியில ஹஜ் செய்யுற ஹாஜியாரும் ஹாஜியார்தான்.

பிரானூர்_மருமகன்

டாக்டரைப் பார்த்துட்டு வந்து எழுதுதேன். இழை கீழ போயிடக்கூடாதுன்னு மேல ஏத்துறேன்.

மாமா "நல்லா இருக்கேன்"னு ஆரம்பிச்சாவ. நான் பக்கத்துல இருந்து ஏத்தத்துல இறுக்குறதைச் சொன்னேன். டாக்டர் மெட்டோப்ரோலாலைக் கூட்டி, வலிக்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார். அட்டோர்வாஸ்டாடினை 80 ஆக்கினார். டிரிப்பைப் பத்திக் கேட்டதுக்கு நோட்டீஸை வாங்கி குப்பைக்கூடையில போட்டுட்டார். மெஷினைப் பத்தி, "இந்த மாத்திரைக்கும் நிக்கலன்னா பேசுவோம்"னார். ரெண்டு வாரம் கழிச்சு டிரெட்மில்: ரெண்டாவது கட்டத்தோட நடுவுல லேசா இறுக்கம், நிறுத்திட்டாங்க. இந்த வருசம் மலை முடியாதுன்னு டாக்டர் சொல்லல, பயிற்சி முடிச்சு ஐப்பசியில மறுபடி டெஸ்ட், அதைப் பார்த்துட்டுன்னார்.

மாமாவுக்குக் கோவம். ஆனா மறுநாள் காலையில பிளாட்பாரத்துக்குக் கிளம்பிட்டாவ. அத்தையும் கூடப் போறாவ, தண்ணி பாட்டிலோட. அங்க இன்னொரு பைபாஸ் ஆளு சிக்கியிருக்காரு, ரெண்டு பேரும் கொல்லம் வண்டி வர்ற வரைக்கும் நடக்காவ. முன்னெல்லாம் சாயங்காலம் ஆனா முகத்தைத் தூக்கிக்கிட்டு இருப்பாவ, இப்ப அது கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

ஐப்பசி டெஸ்ட்ல தேறலன்னா? மாமா இப்பவே ஒரு கணக்குப் போட்டுட்டாவ. ஆரியங்காவுல நம்ம ஐயன் கோவில் இருக்கு, கார்ல போய் இறங்கலாம், மாலையை அங்க கழட்டலாம்னு. இது மாமாவே சொன்னது, நாங்க யாரும் சொல்லல.

ஒரே ஒரு சந்தேகம். தேறிப் போறதா இருந்தா சார்பிட்ரேட்டை இருமுடியில வச்சுக் கட்டிடலாமா?

புனலூர்_மருந்துக்கடை

இருமுடியில கூடவே கூடாது. வேணும்ங்கிற நேரத்துல கட்டை அவிழ்த்துக்கிட்டு நிக்க முடியுமா? மாமா இறுக்குதுன்னு சொல்றதுக்குள்ள இருமுடி வேற ஒருத்தர் தலைக்குப் போயிருக்கும். கழுத்துல தொங்குற சின்னப் பையில, அட்டையிலேயே இருக்கட்டும், மாத்திரையைப் பிரிச்சுத் தாள்ல மடிக்க வேண்டாம், வியர்வையில கரையும். காலாவதித் தேதியைப் பார்த்து புது அட்டை வாங்குங்க. இன்னொரு அட்டை உங்க பையில. டிரெட்மில் ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் போன்ல படமா எடுத்து வச்சுக்கிடுங்க.

நடைபிசியோ

ஐப்பசி ரிப்போர்ட்டை இதே இழையில போடுங்க. எத்தனை நிமிசம், எந்தக் கட்டம், எதுக்காக நிறுத்தினாங்க, மூணும் வேணும்.